ரீத்தா எழுந்து பேசிய காலை

மழை விட்டும் விடாத ஒரு காலை. சமையலறை மேசையில் சர்க்கரை டின்மேல் சாய்த்து வைத்திருந்த கைப்பேசிக்குள் அமெரிக்காவின் முந்தின நாள் சாயங்காலம். அங்கே விளக்குப் போட்டுவிட்டார்கள். எங்கள் ஜன்னலில் அப்போதுதான் வெளுத்துக்கொண்டு வந்தது.

திரையில் ஒரு நீளமான மண்டபம். வரிசை வரிசையாக முதுகுகள். அவற்றில் என் மகளுடைய முதுகு எது என்று தேடிக்கொண்டிருந்தேன். பெற்று வளர்த்தவளுக்கு முதுகைத் தெரியாதா என்று நினைப்பீர்கள். கடல் கடந்த தூரத்திலிருந்து, விரல் நீளத் திரையில், எல்லா முதுகும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

என் கணவர் அந்தோணி குளித்து முடித்து, ஞாயிறு பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். அங்கே யாரும் அவரைப் பார்க்கப் போவதில்லை. நான் எதுவும் கேட்காமலே, மரியாதைக்குத்தான் என்றார்.

காலைக்கு வாங்கி வந்த அப்போம் பொட்டலத்திலேயே ஆறிக்கொண்டிருந்தது. பசியாற இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில், எங்கள் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து எழுதச் சொல்லிச் சில வாசகர்கள் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் இந்த வாரம் முழுக்க மழை. மழை பெய்தால் எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வருகிறது.

இலவசமாக வந்த பலகை

ரீத்தா எங்களுக்கு ஒரே பிள்ளை. அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறாள். கணவர், ஒரு பெண் குழந்தை. குழந்தை பெயர் நீனா. அரசாங்கப் பள்ளியில் சின்ன வகுப்புப் படிக்கிறாள்.

அந்த ஊரில் சிலர் சேர்ந்து, பள்ளியின் ஒவ்வொரு வகுப்பறைக்கும் பத்துக் கட்டளைகள் எழுதிய பலகை செய்து இலவசமாகத் தருகிறோம் என்று முன்வந்திருந்தார்கள். வாங்கி மாட்டுவதா வேண்டாமா என்று பள்ளி வாரியம் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால் ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிடம்.

கேட்டபோது எனக்கு இதில் என்ன சண்டை என்று புரியவில்லை. ரீத்தாதான் விளக்கினாள். அரசாங்கம் எந்த மதத்தையும் தன் மதமாக நிறுவக் கூடாது, எவருடைய வழிபாட்டையும் தடுக்கவும் கூடாது என்று அந்த நாட்டுச் சட்டத்தில் முதலிலேயே எழுதி வைத்திருக்கிறார்களாம். அரசாங்கப் பள்ளியில் பலகை மாட்டினால் அது அரசாங்கமே மதம் சொல்லிக் கொடுப்பது ஆகாதா என்பது ஒரு கட்சி. எங்கள் நாடே இந்த வேதத்தின்மேல் எழுந்ததுதான், அதை ஏன் பிள்ளைகளிடமிருந்து மறைக்க வேண்டும் என்பது இன்னொரு கட்சி. பல தலைமுறையாக இந்தப் பேச்சு ஓயவில்லையாம்.

முந்தின நாள் கூப்பிட்டு, கூட்டத்தில் பத்துக் கட்டளையைப் பற்றிப் பேசப் போகிறேன், நேரமிருந்தால் பாருங்கள் என்று சொன்னாள். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. அந்தோணி கேட்கவும் இல்லை.

கேட்க என்ன இருக்கிறது? அந்தோணி எங்கள் ஊர் மாதா கோயிலில் நெடுங்காலம் ஞாயிறு மறைக்கல்வி நடத்தியவர். பினாங்கில் பாதித் தமிழ்க் கத்தோலிக்கப் பிள்ளைகள் அவரிடம்தான் பத்துக் கட்டளையை ஒப்பித்திருப்பார்கள். ரீத்தாவும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவள்தான். பூசை முடிந்து வெளியே நின்றவர்களிடமெல்லாம், என் மகள் அமெரிக்காவில் கட்டளைக்காகப் பேசப் போகிறாள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

மூன்று நிமிடம்

ரீத்தாவுக்கு முன்னால் சிலர் பேசினார்கள். ஓர் அம்மாளை மறக்க முடியவில்லை. என் வயது இருக்கும். போதைப் பழக்கத்தில் மகனைப் பறிகொடுத்தவர். தினமும் கண்ணில் படும்படி ஒரு நல்ல வார்த்தையாவது அந்தப் பிள்ளைக்கு இருந்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மேலே பேச முடியாமல் நின்றார். அந்தோணி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்து ஒரு முதுகு எழுந்தது. நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இடது தோளைக் கொஞ்சம் தூக்கியபடி நடப்பாள், சின்ன வயதிலிருந்தே.

ஆங்கிலத்தில் பேசினாள். எனக்குத் தொழிற்சாலை ஆங்கிலம் போதும், புரிந்தது. தன் பெயரைச் சொன்னாள். நான் கத்தோலிக்கப் பெண், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன், பத்துக் கட்டளைகளை என் அப்பாவிடம் கற்றுக்கொண்டேன் என்றாள். அந்தோணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதனால்தான் இந்தப் பலகை வகுப்பறைக்கு வேண்டாம் என்று கேட்க வந்தேன் என்றாள்.

திரை ஒரு கணம் உறைந்து நின்றது. அவள் வாய் பாதி திறந்தபடி நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குரல் திரும்பி வந்தபோது அவள் பேச்சு எங்கள் வீட்டுக்குள் வந்திருந்தது.

நான் பிறந்த ஊரில், எங்கள் வீட்டில், அப்பா கத்தோலிக்கர், அம்மா இந்து என்றாள். ஒரு சாயங்காலம் ஜெபம் சொல்ல ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் நல்லவர்கள். யாரும் அம்மாவை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் அம்மா தன் சாமி படத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார். கூட்டம் முடியும்வரை வெளியே வரவில்லை. அது அம்மாவின் வீடு.

கடைசியாக அவள் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"இந்தப் பலகையைப் பார்த்து எழுந்து போக வேண்டும்போல் ஏதாவது ஒரு பிள்ளைக்கு இருக்கும். என் அம்மாவுக்காவது போக ஓர் அறை இருந்தது."

மணி அடித்தது. அவள் போய் உட்கார்ந்தாள். சிலர் கைதட்டினார்கள். பலர் தட்டவில்லை.

வாரியத்தில் இருந்தவர்கள் கையுயர்த்தினார்கள். பலகை பக்கம்தான் கை அதிகம். ரீத்தா தோற்றுப் போனாள். ஆனால் எங்கள் சமையலறையில் அதைப் பார்க்க நான் மட்டும்தான் இருந்தேன். அந்தோணி அதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். வாசலில் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. அந்த வெள்ளைச் சட்டையோடு, அந்த மழையில்.

இரண்டு வாக்கு

என் பிறந்த வீடு தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாம். அந்தோணி ஜார்ஜ்டவுன். நான் தொழிற்சாலையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைக் கணினிச் சில்லில் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் அங்கே ஸ்டோரில் குமாஸ்தா. எப்படிப் பழகினோம் என்று முன்பு ஒரு வாரம் எழுதிவிட்டேன்.

கல்யாணம் கோயிலில் நடந்தது. எங்கள் ஊரில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் மாதா கோயிலையும் கோயில் என்றுதான் சொல்வார்கள், அங்கே நடப்பதையும் பூசை என்றுதான் சொல்வார்கள். அதனால் எனக்கு அந்தச் சொற்கள் அந்நியமாக இல்லை. பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதாக அந்தோணி சாமியாரிடம் வாக்குக் கொடுத்தார். எனக்கும் சம்மதம் என்று நான் தலையாட்டினேன்.

என் அப்பா வேறொரு வாக்கு வாங்கினார். அவர் போட்டுக் கொடுத்த சங்கிலியைவிட அதுதான் எனக்குக் கனமாக இருந்தது. உன் சாமியை மட்டும் விட்டுவிடாதே என்றார்.

இரண்டு வாக்கையும் காப்பாற்றினேன். ரீத்தாவை ஞாயிறுதோறும் சடை பின்னிப் பூசைக்கு அனுப்பினேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நான் தனியாகப் போய் வந்தேன். போகிற அன்று அந்தோணி வீட்டு வேலையெல்லாம் செய்து வைத்திருப்பார். மலைக்கு ஏன் போகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எப்படி இருந்தது என்றும் கேட்டதில்லை.

கூடத்தில் ஒரு பக்கம் அவருடைய மாதா சிலை; சுரூபம் என்பார். எதிர்ப் பக்கம் என் சாமி மேடை. அதில் வேல் பிடித்த முருகன் படம். சாயங்காலத்தில் ஜன்னல் வெளிச்சம் முதலில் மாதா மேலும், கொஞ்ச நேரம் கழித்து முருகன் மேலும் விழும். வேலை விட்டு வந்த களைப்பில் அந்த வெளிச்சம் நகர்வதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். கண் வலிக்கு அது மருந்து மாதிரி.

அந்தச் சாயங்காலம்

ரீத்தா சொன்ன சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவளுக்கு நினைவிருக்கும் என்றுதான் நான் எண்ணியிருக்கவில்லை. பள்ளிப் பாடத்தைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

ஜெபக் கூட்டம் வாரம் ஒரு வீட்டில் நடக்கும். அன்று எங்கள் முறை. வடைக்கு ஊறப்போட்டு அரைத்து, சுட்டு அடுக்கி வைத்திருந்தேன். முதலில் வந்தவர் சில்வெஸ்டர் அண்ணன். அந்தோணியின் பால்ய சிநேகிதர். வாசலிலேயே நின்று சாமி மேடையைப் பார்த்தார். தணிந்த குரலில், ஜெபம் சொல்கிற இடமாயிற்றே, அந்தப் படத்தின்மேல் ஒரு துணியைப் போட்டுக்கொள்ளலாமா என்று அந்தோணியிடம் கேட்டார். குரலில் கெடுதல் இல்லை. சங்கடம்தான் இருந்தது.

அந்தோணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். வாசலில் இன்னும் ஆட்கள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. துணி போட்டு மூட எனக்கு மனம் வரவில்லை. படத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனேன்.

அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் படம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. நானும் அவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கவில்லை. எங்கள் முறை வரும்போதெல்லாம், எங்கள் வீடு சின்னது, ஆட்கள் உட்கார இடம் போதாது என்று அந்தோணி சொல்லிவிடுவார். எல்லா வீடும் அதே அளவுதான். கேட்பவர்களுக்கும் அது தெரியும். அந்தப் பொய்யை அவர் வாயைத் திறந்து கேட்காத மன்னிப்பாக நான் எடுத்துக்கொண்டேன். ரீத்தாவுக்கு இது தெரியாது. அவள் பார்த்தது அந்த ஒரு சாயங்காலத்தை மட்டும்தான்.

சில்வெஸ்டர் அண்ணன் வந்தார்

வாரியக் கூட்டத்துக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரீத்தா கூப்பிடுவாள். அந்தோணி அப்போதெல்லாம் வாசலில் பூந்தொட்டிகளோடு இருந்தார். நனைந்த மண்ணுக்கு மறுபடி தண்ணீர் ஊற்றினார். அப்பா எங்கே என்று அவள் கேட்பாள். வெளியே இருக்கிறார் என்பேன். அது பொய் இல்லை.

அவள் பேசியதை யாரோ வெட்டி எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அது கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி, ஒரு நாள் எங்கள் கோயில் வட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. சில்வெஸ்டர் அண்ணன் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். இப்போது அவருக்கு முழங்கால் வலி. படியேறி வந்து மூச்சு வாங்கினார். சூடாகத் தே ஆற்றிக் கொடுத்தேன்.

"ஒன் மக பத்துக் கட்டளையே வேணாம்னு சொல்லிட்டாளேப்பா."

அந்தோணி கைப்பேசியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "கட்டளைய வேணாங்கல. சுவத்துல மாட்ட வேணாங்கறா" என்றார்.

"ஒனக்கு அது சரின்னு படுதா?"

"சரின்னு நான் சொல்லல லா. அவ சொன்னத மாத்திச் சொல்லாதன்னு சொல்றேன்."

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மகளோடு ஒரு வார்த்தை பேசாத மனிதர், மகளுக்காகத் தன் சிநேகிதரை முறைத்துக்கொண்டிருந்தார்.

சில்வெஸ்டர் அண்ணன் தேயைக் குடித்து முடித்தார். கிளம்பும்போது உண்மையாகவே கவலையோடு கேட்டார், ஆமாம், உங்கள் வீட்டில் அப்படிப் படத்தை எடுக்கச் சொன்னது யார் என்று. அவருக்கு நினைவே இல்லை.

அந்தோணி அவருடைய கையைப் பிடித்துப் படியிறக்கி விட்டார். "மறந்துபோச்சு" என்றார்.

டுரியான் காலம்

அமெரிக்கப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை விட்டதும் ரீத்தா நீனாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. டுரியான் பழம் விழுகிற காலம். தீவு முழுக்க அந்த வாசம். சாலையோரம், பாசார்க் கடைகளில், பேருந்துக்குள், தலையணையில்கூட.

விமான நிலையத்தில் அந்தோணி பேத்தியைத் தூக்கிக்கொண்டார். மகளிடம் பெட்டியை வாங்கிக்கொண்டார். பசியாறினாயா என்று கேட்டார். ஆச்சுப்பா என்றாள். அதற்குப் பிறகு சில நாட்கள் இரண்டு பேரும் விருந்தாளிகளைப்போல நடந்துகொண்டார்கள்.

ரீத்தா கொஞ்சம் இளைத்திருந்தாள். அவளுடைய ஊரில் சிலர் இப்போது அவளைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்களாம். பலகைகளை மாட்டிவிட்டார்களாம். அவள் அதைச் சொல்லும்போது அழவில்லை. வெந்தயக்கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

ஒரு மத்தியானம் அந்தோணி கூடத்தில் நீனாவை உட்கார வைத்து, கட்டளைகள் தெரியுமா என்று கேட்டார். மகளுக்குக் கேட்கட்டும் என்றுதான் கேட்டார் என்று நினைக்கிறேன். தெரியும் தாத்தா என்று அவள் ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தாள். அவர் முகம் மலர்ந்தது. பாதியில் கை காட்டி நிறுத்தினார்.

தாய் தந்தையை மதிப்பது நான்காவது கட்டளை என்றார். இல்லை, ஐந்தாவது என்றாள் அவள். கொலை செய்யாதிருப்பது ஐந்தாவது என்றார். இல்லை, ஆறாவது என்றாள். அவர் சிரித்துக்கொண்டே விரல் விட்டு எண்ணிக் காட்டினார். அவளும் தன் விரலை விட்டு எண்ணிக் காட்டினாள். இரண்டு பேருடைய விரலும் ஒத்துப் போகவில்லை.

"ரெண்டாவத விட்டுட்டீங்க தாத்தா" என்றாள் நீனா, தனக்குத் தெரிந்த தமிழில். "செல செய்யக் கூடாது. கும்பிடக் கூடாது."

பிறகு எழுந்து மாதா சுரூபத்தின் அருகே போய் நின்று, அண்ணாந்து பார்த்தாள். குறும்பில்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

"அப்ப இது ஏன் வெச்சிருக்கீங்க?"

டீச்சர் இப்படிச் சொல்லிக் கொடுத்தாரா என்று அந்தோணி கேட்டார். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, சுவரில் இருக்கிறது, என் இடத்துக்கு நேரே, தினமும் படிப்பேன் என்றாள். அம்மாவிடம் கேட்கவில்லையா என்றார். சுவரில் இருந்தால் சரியாகத்தானே இருக்கும் என்றாள்.

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஒரே கட்டளைகள்தான். ஆனால் கத்தோலிக்கர்கள் எண்ணுவது ஒரு விதம், அந்த ஊரில் பலகை செய்து கொடுத்த புராட்டஸ்டன்ட் சபையார் எண்ணுவது இன்னொரு விதம். சிலையைப் பற்றிய வரியைக் கத்தோலிக்கர்கள் முதல் கட்டளைக்குள் அடக்கி, சுரூபம் வைப்பது வேறு, அதையே தெய்வமாக்குவது வேறு என்று விளக்கம் சொல்வார்கள். அந்தச் சபையார் அதைத் தனிக் கட்டளையாக எழுதுவார்கள். பள்ளி எதையாவது ஒன்றைத்தானே மாட்ட முடியும். மாட்டிய அன்றைக்கே எது சரி என்று அரசாங்கம் சொல்லிவிட்டதாக ஆகிறது.

அந்தோணி பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். அந்தச் சுரூபம் அவருடைய அம்மா புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் வாங்கியது. அம்மாவின் முகத்தை நினைத்துக்கொள்ளப் போட்டோ வைத்திருப்பதுபோல என்றார். நீனா கேட்டுக்கொண்டாள். ஆனால் முழுக்க நம்பவில்லை. அவள் கண் அடிக்கடி அந்தப் பக்கம் போய்ப் போய் வந்தது.

அவர் குரல் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது.

நிறைய பேராக இருக்கும் இடம்

பிள்ளை உறங்கிய பிறகு, டுரியான் தோல் பரப்பிய செய்தித்தாளைச் சுருட்டியபடி ரீத்தா அப்பாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பேசட்டும் என்று நான் எழுந்தேன். பிறகு என்ன தோன்றியதோ, உட்கார்ந்துவிட்டேன்.

அந்தோணி தன் மனத்தில் இருந்ததையெல்லாம் சொன்னார். நான் படித்த மிஷன் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பிலும் சிலுவை இருந்தது, சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், உன் அம்மா மாதிரிப் பிள்ளைகள் எல்லாரும் அதன் கீழே உட்கார்ந்துதான் படித்தோம், யாருக்கு என்ன ஆயிற்று என்றார். அது கோயில் கட்டிய பள்ளி, தெரிந்துதான் பிள்ளையைச் சேர்த்தார்கள் என்றாள் ரீத்தா. இது எல்லாருடைய வரியிலும் நடக்கிற பள்ளி, வேறு பள்ளிக்கு அனுப்ப வசதி இல்லாதவர்களுக்கும் இதுதான் பள்ளி என்றாள்.

"இங்க நாம கொஞ்சம் பேரு" என்றார் அந்தோணி. "ஒவ்வொண்ணுக்கும் பாத்துப் பாத்து நடக்கறோம். அங்க நம்ம வேதம் சுவத்துல இருக்குன்னா எனக்குச் சந்தோசமா இருக்காதா?"

"அதான்ப்பா. அங்க நாம நெறைய பேரு. நெறைய பேரா இருக்கறப்பதான் இன்னும் பாத்து நடக்கணும்."

மகனைப் பறிகொடுத்த அந்த அம்மாளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறாய் என்று கேட்டார். கூட்டம் முடிந்து ரீத்தா அவரைப் போய்க் கட்டிக்கொண்டாளாம். அவரும் இவளைக் கட்டிக்கொண்டாராம். பிறகு ஆளுக்கொரு வழியாகப் போனார்களாம்.

பிறகு அந்தோணி, உண்மையில் அவரைத் தைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"வீட்டு விசயத்த ஏன்மா அத்தன பேரு முன்னாடி சொன்ன? எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க. அன்னிக்கி அம்மாவுக்காக நீங்க ஒண்ணுமே பேசல."

அவர் தலை குனிந்தது. எனக்கு அப்போது வந்த கோபம் அவர் மேலா அவள் மேலா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"படத்த எடுத்துட்டுப் போனது நான்" என்றேன். "அவரு பேசலன்னு அவரு வருத்தப்படறாரு. நீ பாத்துட்டேன்னு நீ வருத்தப்படற. உள்ள உக்காந்திருந்தவ நான். எனக்கு எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு பேருல யாராச்சும் கேட்டீங்களா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கஷ்டமாகத்தான் இருந்தது என்றேன். படத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இருட்டிக்கொண்டு வந்தது. கூடத்தில் மாதா பாட்டுப் பாடினார்கள். அந்தோணியின் குரல் தனியாகக் கேட்டது. பாட்டு மிக நன்றாக இருந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்து, நானும் அங்கே உட்கார்ந்து கேட்க வேண்டும்போல இருந்தது. படத்தை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை, எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. அதுதான் எனக்கு இருந்த கஷ்டம். எங்கள் வீடு சின்னது என்று அப்பா இத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரியும் என்றேன்.

ரீத்தாவுக்கு அது புரியவில்லை. வீடு சின்னது என்றால் என்ன என்று கேட்டாள். அந்தோணிதான் சொன்னார், தட்டுத் தடுமாறி. கேட்டுவிட்டு அவள் எழுந்து போய் அப்பாவின் நாற்காலிக் கையில் உட்கார்ந்துகொண்டாள். இடது தோள் அவர் மேல் சாய்ந்தது. அவர் நகரவில்லை.

விமான நிலையச் சாலை

விடுமுறை முடிந்தது. பாயான் லெப்பாஸில் பெட்டிகளை அனுப்பிவிட்டு, உள்ளே போகும் வாசலில் நின்றோம். நீனா தாத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். மறுபடியும் வாரியக் கூட்டம் வரும், மறுபடியும் போய்ப் பேசத்தான் போகிறேன் என்று ரீத்தா சொன்னாள்.

"பேசறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டு" என்றார் அந்தோணி. "நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா படிச்சுக் காட்டு."

சரிப்பா என்றாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் இரண்டு கையையும் ஆட்டினாள். பிறகு கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

எங்கள் காரில் ஏறினோம்; காடி என்றுதான் இங்கே சொல்வோம். வேலை விடும் நேரம். தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னலில் தலை சாய்த்து உறங்கும் பெண்கள். வெயில் சாய்ந்து, எல்லாவற்றின் மேலும் ஒரு மஞ்சள் பூசியிருந்தது. விழித்துக்கொண்டிருக்கிறேனா இல்லையா என்று தெரியாத மாதிரி இருந்தது எனக்கு.

அந்தோணி ரேடியோவை அணைத்தார்.

"நீ என்ன நெனைக்கற, கமலா? அந்தப் பலகையப் பத்தி?"

அத்தனை மாதங்களில் என்னிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. என் படத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் உள்ளே போனதைப் பற்றிப் பேசினார்கள். பலகை மாட்டலாமா கூடாதா என்று எனக்கும் ஓர் எண்ணம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கேகூடத் தோன்றவில்லை. ஆனால் வாயைத் திறந்ததும் அது தயாராக இருந்தது.

நாங்கள் வேலை செய்த கூடத்தில் சுவரெல்லாம் வாசகம் எழுதி மாட்டியிருந்தார்கள் என்றேன். தரம், கவனம், கடமை என்று, எல்லா மொழியிலும். நல்ல வார்த்தைகள்தான். அதன் கீழேயே என் இளமை போயிற்று. கண் எரிந்து நீர் வடிந்த நாட்களில் அந்தச் சுவர் கவனம் கவனம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் வரிசைத் தலைவி ஒரு மலாய்க்கார அக்கா. அவர்தான் வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டு, விளக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் போவார்.

"சுவரு சொல்லும். ஆனா திருப்பிக் கேட்டா பதில் சொல்லாது" என்றேன். "நீங்க பிள்ளைங்களோட உக்காந்து சொல்லிக் குடுத்தீங்க. கேள்வி கேட்டா பதில் சொன்னீங்க. நீனாவுக்கு யாரு சொன்னா? சாமி காரியத்த ஒரு ஆளுதான் இன்னொரு ஆளுக்குச் சொல்லணும். கவர்மெண்டு சொல்லக் கூடாது. அது யாரு சாமியா இருந்தாலும் சரி, என் சாமியா இருந்தாலும் சரி."

ஒத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்திப்பு வந்தது, போனது. அவர் திருப்பவில்லை. நானும் நினைவூட்டவில்லை. கடலோரமாகக் காடி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"இத ஏன் நீ முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலையே" என்றேன்.

"சரி" என்றார் அவர். "இன்னும் சொல்லு."